தட்டு பறக்காத வீடு: சண்டை நேரத்தில் நமக்குள்ளிருந்து பேசும் குடும்பப் பழக்கங்களைக் கண்டுபிடித்து மாற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

கார் சாவியில்தான் எனக்கு இது உறைத்தது. முந்தின நாள் இரவு மனைவிக்கும் எனக்கும் வாக்குவாதம். வீட்டுக்கடன் தவணையும் அவள் தம்பிக்குக் கொடுத்த கைமாற்றும் ஒரே மாதத்தில் வந்து முட்டிக்கொண்டன. மறுநாள் காலை அலுவலகம் கிளம்பும்போது சாவியைக் காணோம். மனைவி மூன்றடி தூரத்தில் சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். நான் என் ஏழு வயது மகளைக் கூப்பிட்டு, "கார் சாவி எங்கன்னு அம்மாகிட்ட கேளு" என்றேன். குழந்தை என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "அம்மா, கார் சாவி எங்கன்னு அப்பா கேக்கறாங்க." அடுப்பைவிட்டுத் திரும்பாமலே பதில் வந்தது: "ஃபிரிட்ஜ் மேலன்னு சொல்லு."

படி இறங்கும்போது கை லேசாக நடுங்கியது. அந்த உத்தியோகத்தை நானும் பார்த்திருக்கிறேன். சேலத்தில், எங்கள் தறிவீட்டில், ஆறேழு வயதில், கூடத்துக்கும் அடுப்படிக்கும் இடையே தபால்காரன் வேலை. "சோறு போட்டாச்சுன்னு உங்கப்பாகிட்ட சொல்லு." "பசியில்லன்னு சொல்லு." "பசியில்லாம எங்க சாப்பிட்டாராம்னு கேளு." இருவருக்கும் நடுவே பத்தடி தூரம். ஒருவர் பேசுவது மற்றவருக்கு நன்றாகக் கேட்கும். ஆனாலும் நான் ஓடித்தான் ஆக வேண்டும். ஒரு முறை இது பதினோரு நாள் நடந்தது. பெரியவனானதும் இந்த மாதிரி இருக்கவே மாட்டேன் என்று அப்போது நினைத்துக்கொண்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

நான் மனநல நிபுணன் இல்லை. அந்தச் சாவிக்குப் பிறகு ஓர் ஆலோசகரிடம் சில மாதங்கள் போனதும், படித்ததும், செய்து பார்த்துச் சொதப்பியதும்தான் இங்கே இருப்பவை. சண்டை முற்றும்போது உங்கள் வாயிலிருந்து உங்கள் அம்மாவோ அப்பாவோ பேசுவதுபோல் எப்போதாவது தோன்றியிருந்தால், இது உங்களுக்கு உதவலாம்.

நெருக்கடி வந்தால் மட்டும் ஏன் இப்படி

சும்மா இருக்கும்போது எல்லோரும் நல்லவர்கள்தான். பணம் இருந்து, உடம்பு நன்றாக இருந்து, தூக்கமும் வந்தால் நாம் படித்தபடி, யோசித்தபடி நடந்துகொள்கிறோம். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு குடும்பத்தைப் பாருங்கள். ஐசியூவில் அப்பா இருப்பார். பெரிய அக்கா எல்லோருக்கும் உத்தரவு போடுவாள். அண்ணன் டீ குடிக்கப் போகிறேன் என்று போனவன் ஒரு மணி நேரமாகத் திரும்பி வந்திருக்க மாட்டான். கடைக்குட்டி ஜோக் அடித்துக்கொண்டிருக்கும். அம்மா, "எனக்கு ஒண்ணும் வேண்டாம், நீங்க போய் சாப்பிடுங்க" என்று எல்லோரையும் குற்ற உணர்ச்சியில் தள்ளிக்கொண்டிருப்பார். யாரும் யோசித்து இந்த வேடங்களைப் போடுவதில்லை. முப்பது வருடத்துக்கு முன் கரண்ட் போன ராத்திரிகளில் அந்த வீட்டில் என்ன நடந்ததோ, அதுதான் இங்கேயும் நடக்கிறது.

இதை ஒரு துறையாகவே பார்த்தவர் மர்ரே போவன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர். 1954இல் மேரிலாந்தில் உள்ள தேசிய மனநல நிறுவனத்துக்கு வந்த அவர், மனச்சிதைவு நோயாளிகளோடு அவர்களின் தாய்மாரையும் வார்டில் தங்க வைத்தார். பிற்பாடு சில குடும்பங்களை அப்படியே குடியேற்றினார். அங்கே பார்த்ததிலிருந்து அவர் சொன்ன விஷயங்களில் ஒன்று முக்கோணம். இருவருக்கிடையே பதற்றம் தாங்க முடியாமல் போனால், அவர்கள் மூன்றாவது ஆளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். அந்த ஆள் பிள்ளையாக இருக்கலாம், மாமியாராக இருக்கலாம், பக்கத்து வீட்டு அக்காவாகவும் இருக்கலாம். பதற்றத்தின் ஒரு பகுதி அவர் தலைக்கு மாறிவிடும். என் தபால்காரன் உத்தியோகத்துக்குப் பெயர் இருக்கிறது என்று தெரிந்தபோது கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். "எங்க வம்சமே கோபக்கார வம்சம், ரத்தத்திலேயே இருக்கு" என்பது பெரும்பாலும் வசதியான சாக்கு. பிறவிச் சுபாவம் என்று கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கோபம் வந்தால் கதவை அறைவதா, பட்டினி கிடப்பதா, பெட்டியைத் தூக்குவதா என்பது பார்த்துக் கற்றுக்கொண்டது. கற்றதில் கை வைக்க முடியும்.

படி 1: ஒரே ஒரு சண்டையை எடுங்கள்

எல்லாச் சண்டைகளையும் ஒரே நேரத்தில் ஆராயப் போனால் புலம்பல்தான் மிஞ்சும். திரும்பத் திரும்ப வரும் ஒன்றை மட்டும் எடுங்கள். மருமகள் அம்மா வீட்டுக்குப் போய்வரும் செலவு, பிள்ளையின் மதிப்பெண், மைத்துனர் வாங்கின கடன், எதுவானாலும் சரி. அதைக் கண்காணிப்பு கேமரா பார்த்த மாதிரி எழுதுங்கள். "அவள் என்னை மதிக்கவில்லை" என்று எழுதினால் அது கேமரா இல்லை. "நான் பேசிக்கொண்டிருக்கும்போது எழுந்து போய் மோட்டார் போட்டாள்" என்பதுதான் கேமரா பார்த்தது.

எழுதி முடித்ததும் உங்கள் பக்கத்து நகர்வுகளுக்கு மட்டும் கோடு போடுங்கள். நம் வீடுகளில் வழக்கமாக வருபவை இவைதான்: பேச்சை நிறுத்துவது, பாத்திரத்தை நங்கென்று வைப்பது, சுவரைப் பார்த்து ஜாடை பேசுவது, பத்து வருடத்துப் பழங்கணக்கை எடுப்பது, சாப்பாட்டை ஒதுக்குவது, ஊருக்குக் கிளம்புவது, சிரித்து மழுப்புவது, பெரியவர்களைக் கூட்டிப் பஞ்சாயத்து வைப்பது. என் பட்டியலில் மூன்று தேறின. மூன்றுமே சத்தமில்லாதவை.

படி 2: குடும்பத்தைக் காகிதத்தில் வரையுங்கள்

ஒரு பெரிய சார்ட் பேப்பர், பென்சில், அழிரப்பர். பேனா வேண்டாம், நிறைய அழிக்க வேண்டி வரும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். மேலே தாத்தா பாட்டி, நடுவில் அப்பா, அம்மா, அவர்களுடைய உடன்பிறந்தோர், கீழே நீங்கள். இரு பக்கமும் சேர்த்து மூன்று தலைமுறை வந்தால் போதும். குடும்ப ஆலோசகர்கள் பல காலமாகப் பயன்படுத்தும் முறை இது. 1980களில் இதன் குறியீடுகளை ஓரளவு ஒழுங்குபடுத்தினார்கள். உறவு முட்டிக்கொண்டிருந்தால் இருவருக்கிடையே நெளிநெளியான கோடு, ஒட்டி உறவாடினால் இரட்டைக் கோடு, அறுந்துபோயிருந்தால் நடுவில் வெட்டிய கோடு.

நம் ஊர்க் குடும்பங்களுக்கு இந்தக் குறியீடுகள் போதாது. நான் இன்னும் சிலவற்றைச் சேர்த்துக்கொண்டேன். யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, எந்த விசேஷத்தில் அது நின்றது, பத்திரிகை வைக்கவில்லையா, சீரில் குறை வைத்தார்களா, யார் யார் வீட்டு வாசலை மிதிப்பதில்லை. அப்புறம் முக்கியமாக, அந்த இரு தரப்புக்கும் நடுவே போய்வந்த ஆள் யார். பெரும்பாலான குடும்பங்களில் அது கல்யாணமாகாத சித்தியாகவோ மூத்த பெண்ணாகவோ இருக்கும். அந்தப் பெயரைச் சுற்றி வட்டம் போடுங்கள். அடுத்த தலைமுறையில் அதே வேலையை யார் பார்க்கிறார்கள் என்று தேடுங்கள். கிடைப்பார்கள்.

பிறகு ஓரத்தில் ஆண்டுகளை எழுதுங்கள். நிலம் விற்ற ஆண்டு, தறி நின்ற ஆண்டு, பாகப்பிரிவினை, பிள்ளை இறந்தது, ஊர் மாறியது, 2020 ஊரடங்கு. சண்டைகளின் தேதியையும் பக்கத்தில் போட்டால் வேடிக்கையாக இருக்கும். "அவங்க குணமே அப்படி" என்று நாற்பது வருடமாகச் சொல்லப்பட்டுவந்த ஒரு சண்டை, ஒரு கடன் பத்திரத்துக்கு அடுத்த மாதம் தொடங்கியிருக்கும்.

படி 3: போய்க் கேளுங்கள், அப்பாவிடம் இல்லை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்யப் போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

பெற்றோரிடம் நேரடியாக, "நீங்க ஏன் இப்படி இருந்தீங்க?" என்று கேட்டால் அது விசாரணை ஆகிவிடும். அவர்கள் ஒன்று மறுப்பார்கள், இல்லை அழுவார்கள். அவர்களோடு கூடப் பிறந்தவர்களிடம் போங்கள். அத்தை, பெரியப்பா, சித்தி. அவர்கள் சாட்சிகள், பிரதிவாதிகள் இல்லை. கை வேலையாக இருக்கும் நேரம் பார்த்துப் போங்கள். பூ கட்டும்போதும் வெங்காயம் உரிக்கும்போதும் மனிதர்கள் சொல்வதை, எதிரெதிரே உட்கார்ந்தால் சொல்ல மாட்டார்கள். உணர்ச்சிகளைப் பற்றிக் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள். தாத்தாவுக்குக் கோபம் வந்தால் என்ன செய்வார்? அப்போது நீங்களெல்லாம் எங்கே இருப்பீர்கள்? யார் முதலில் பேசுவார்கள்? மறுநாள் காலை வீட்டில் என்ன நடக்கும்?

என் அப்பாவின் அக்காவுக்கு எழுபத்தெட்டு வயது. அவர் மொச்சை உரித்துக்கொண்டிருந்தபோது நான் கேட்டேன். "எங்கப்பாவா?" என்று சிரித்தார். "பாவு இல்லாத வாரம்னா எங்களுக்கெல்லாம் தெரிஞ்சிடும் கண்ணு, இந்த வாரம் தட்டு பறக்கும்னு."

தாத்தா குழித்தறி நெய்தவர். நூல் வந்து பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டும் நூல், ஏறினால்தான் கூலி. முதலாளியிடமிருந்து நூல் வராத வாரம் கடைக்காரரிடம் கடன், கடைக்காரர் வாசலில் வந்து நின்றால் வீட்டில் ரகளை. சாப்பாட்டுத் தட்டு கூடத்துச் சுவரில் போய் விழும். குழம்பு வழியும். "எங்கம்மா ஒண்ணும் பேசாது. சாணியைக் கரைச்சுச் சுவத்தை மெழுகிடும். நாங்க தார்க்குச்சில நூல் சுத்தறோம்னு தலையைக் குனிஞ்சிக்குவோம். உங்கப்பன்தான் கடைசிப் பையன், தட்டு அவன் தலைக்கு மேலதான் போகும்."

அப்புறம் சொன்னார்: "கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி எங்கிட்ட வந்து உக்காந்தான். 'அக்கா, என் வீட்டுல தட்டு பறக்காது'ன்னான். அதே மாதிரிதான் இருந்தான். உங்க வீட்டுல என்னைக்காவது பறந்துச்சா?"

பறந்ததே இல்லை.

நாற்பத்து மூன்று வருடம் அப்பாவின் மௌனத்தை நான் தண்டனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது பிரேக். கோபம் வந்தால் கை எதைத் தூக்கிவிடுமோ என்ற பயத்தில், தன்னையே கூடத்து மூலையில் கட்டிப் போட்டுக்கொண்டிருக்கிறார் மனிதர். அவர் தட்டை எடுத்துவிட்டார். அந்த இடத்தில் எதை வைப்பது என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

உங்கள் வீட்டிலும் தேடிப் பாருங்கள். நம்மை வதைக்கும் பழக்கம் பல சமயம் முந்தின தலைமுறையின் வைத்தியமாக இருக்கும். எல்லாவற்றுக்கும் கணக்குக் கேட்கும் அம்மா, சீட்டுப் பணத்தைத் தொலைத்துவிட்டு வந்து நின்ற ஒரு தாத்தாவின் மகளாக இருக்கலாம். எதற்கும் தலையாட்டும் மாமனார், வெட்டுக்குத்து வரை போன பங்காளிச் சண்டையை நேரில் பார்த்தவராக இருக்கலாம். காரணம் தெரிந்ததால் வலி போய்விடாது. எதிரி என்று நினைத்தவர் அந்த இடத்தில் இல்லாமல் போவார், அவ்வளவுதான். மாற்றுவதற்கு அதுவே பெரிய உதவி.

படி 4: எதிரே இருப்பவரின் வீட்டையும் வரையுங்கள்

கல்யாணம் என்பது சண்டை போடும் இரண்டு முறைகளுக்கு நடுவிலும் நடக்கிறது. ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்த்தவர்கள் இந்தப் பதினோராவதைப் பார்த்திருக்கலாம்.

என் மனைவியின் வீட்டில் எல்லாமே சத்தம். மாமியார் ஒரு பேச்சைத் தொடங்கினால் நாலு வீட்டுக்குக் கேட்கும், மாமனார் அதற்கு மேல் கத்துவார், அரை மணி நேரத்தில் இருவரும் ஒரே தட்டில் பணியாரம் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். கல்யாணமான புதிதில் அதைப் பார்த்து நான் வெளிறிப்போய் நின்றிருக்கிறேன். எனக்கு ஓங்கிய குரல் என்றால் அடுத்தது ஏதோ உடையப் போகிறது என்று அர்த்தம். அவளுக்கோ, கத்துகிற மனிதன் இன்னும் கூடவே இருக்கிறான், வாயை மூடிக்கொண்டவன் மனசால் வெளியேறிவிட்டான். ஆகவே நான் அடங்க அடங்க அவள் குரல் ஏறும். அவள் குரல் ஏற ஏற நான் இன்னும் உள்ளே போவேன். இருவரும் அவரவர் வீட்டு வைத்தியத்தைத்தான் பார்க்கிறோம். ஒருவருடைய மருந்து மற்றவருக்கு விஷம்.

ஒருவர் துரத்த, மற்றவர் விலகும் இந்தச் சுழலை கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ கிறிஸ்டென்சன் போன்ற உளவியலாளர்கள் பல வருடங்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். எந்தப் பக்கம் முதலில் தொடங்கியது என்று கண்டுபிடிக்க முயல்வது வீண்வேலை. அவளைக் கேட்டால் நான் ஒதுங்கியதால் கத்தினேன் என்பாள், என்னைக் கேட்டால் அவள் கத்தியதால் ஒதுங்கினேன் என்பேன். இரண்டும் உண்மை.

அவள் வீட்டுப் படத்தில் இந்தச் சத்தத்துக்குப் பெரிய காரணம் எதுவும் கிடைக்கவில்லை. சந்தையில் கடை வைத்திருந்த குடும்பம். "கத்தினாத்தான் யாவாரம்" என்று அவளே சொல்லிச் சிரித்தாள். எல்லாப் பழக்கத்துக்கும் அடியில் ஒரு கண்ணீர்க் கதை இருக்கும் என்று தோண்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

இந்தப் படியைச் செய்யும்போது ஒரு ஜாக்கிரதை. படம் கையில் வந்ததும் அதை ஆயுதமாக்கத் தோன்றும். "நீ அப்படியே உங்கம்மா மாதிரியே பேசறே" என்ற வாக்கியம், எந்தப் படமும் வரையாமலே தமிழ்க் குடும்பங்களில் தினம் ஆயிரம் முறை சொல்லப்படுகிறது. அதற்கு ஆதாரமும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். அவரவர் வீட்டைப் பற்றி அவரவர்தான் பேச வேண்டும் என்பது எங்கள் வீட்டு விதி. நான் ஒரு முறை மீறினேன். அந்தச் சார்ட் பேப்பர் இரண்டு மாதம் பீரோ மேலேயே கிடந்தது.

படி 5: முதல் பத்து விநாடி

பழக்கம் மூளைக்கு வருமுன் உடம்புக்கு வந்துவிடும். எனக்குத் தாடை இறுகும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மனைவிக்குக் கழுத்து சூடாகும். உங்களுக்கு வயிறாக இருக்கலாம். அடுத்த இரண்டு மூன்று வாக்குவாதங்களில் வேறெதையும் மாற்ற வேண்டாம், இதை மட்டும் கவனியுங்கள். இந்த அடையாளம் பிடிபடாமல் அடுத்த படிக்குப் போய்ப் பயனில்லை.

படி 6: உங்கள் ஒரு நகர்வை மட்டும் மாற்றுங்கள்

தம்பதிகளின் சண்டைகளைப் பதிவுசெய்து ஆராய்ந்த ஜான் காட்மேன் சொல்வது இது: வாக்குவாதத்தில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டிவிட்டால் எதிராளி சொல்வது காதில் ஏறாது. திரும்ப அடங்கக் குறைந்தது 20 நிமிடமாவது வேண்டும். அதாவது இடைவெளி எடுப்பது தப்பில்லை. அப்பாவின் மௌனத்தில் பாதி சரியான வைத்தியம்தான். விலகுகிறேன் என்று சொல்லாததும், எப்போது திரும்புவேன் என்று சொல்லாததும்தான் கோளாறு.

எனவே நான் செய்த மாற்றம் ஒரே ஒரு வாக்கியம்: "கோவமா இருக்கேன். மொட்டை மாடிக்குப் போறேன். எட்டரைக்கு வந்து பேசறேன்."

எட்டரைக்கு வர வேண்டும். எட்டே முக்காலுக்கு வந்தால் அந்த வாக்கியம் செத்துவிடும். மாடியில் நின்று, "அவள் இப்படிச் சொன்னால் நான் இப்படிக் கேட்பேன்" என்று வசனம் ஒத்திகை பார்த்தால் துடிப்பு குறையாது, ஏறும். செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள், துணி மடியுங்கள். திரும்பி வந்ததும் முழு நியாயத்தையும் பேச வேண்டியதில்லை. முதல் தடவை நான் வந்து, "வந்துட்டேன்" என்று மட்டும்தான் சொன்னேன். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. அவளுக்கு அன்றைக்கு அதுவே போதுமாக இருந்தது என்று பிறகு சொன்னாள்.

கத்தும் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு சின்ன நகர்வு: குற்றச்சாட்டுக்கு அடியில் இருக்கும் கேள்வியை நேராகக் கேட்பது. "உங்களுக்கு என்னைக்குத்தான் இந்த வீட்டு மேல அக்கறை" என்பதற்குப் பதில், "நீங்க பேசாம இருந்தா எனக்குப் பயமா இருக்கு" என்பது. சொல்வதற்குக் கூச்சமாகத்தான் இருக்கும்.

முக்கோணத்தின் மூன்றாவது மூலையில் நிற்பவர் நீங்கள் என்றால், அதாவது இன்றைக்கும் அம்மா போன் செய்து அப்பாவைப் பற்றிச் சொல்கிறார், அக்கா மச்சானைப் பற்றிச் சொல்கிறார் என்றால், சட்டென்று வேலையை ராஜினாமா செய்துவிடாதீர்கள். போனை எடுக்காமல் விட்டால் அதுவும் ஒரு அறுந்த கோடு. கேளுங்கள், "உம்" கொட்டுங்கள். கடைசியில், "இதை நீ அவர்கிட்டயே சொல்லிடும்மா. நான் சொன்னா என் வார்த்தை ஆயிடும்" என்று மெதுவாகச் சொல்லுங்கள். பிறகு அந்தச் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்காதீர்கள். கஷ்டமே இதில்தான். முப்பது வருட அனுபவமுள்ள தபால்காரனுக்குக் கை சும்மா இருக்காது.

படி 7: வீடு திருப்பித் தள்ளும்

நீங்கள் மாறினால் எல்லோரும் கை தட்டுவார்கள் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். ஒரு பல்லி வால் அசைந்தாலே சகுனம் பார்க்கும் குடும்பம், ஒரு பிள்ளை செய்தி சுமக்க மாட்டேன் என்றால் சும்மா இருக்குமா? "இப்பெல்லாம் பேச்சே மாறிப்போச்சு", "பொண்டாட்டி சொல்லிக் கொடுத்துட்டா", "பெரிய மனுஷன் ஆயிட்டாரு" என்று வரிசையாக வரும். மனைவிகூட முதல் சில வாரம் சந்தேகமாகத்தான் பார்த்தாள். எட்டரைக்கு வருகிறேன் என்று போனவன் உண்மையாகவே வருவானா என்று சோதிக்க, ஒரு முறை வேண்டுமென்றே கதவைத் தாழிட்டு வைத்திருந்தாள்.

போவன் இதைத் தன் சொந்தக் குடும்பத்தில் செய்து பார்த்தவர். டென்னசியில் இருந்த உறவுகளிடம் போய், எந்தப் பக்கமும் சேராமல், ஆனால் விலகியும் போகாமல் இருந்து பார்த்ததை 1967இல் ஒரு மாநாட்டில் சக நிபுணர்கள் முன் சொன்னார். 1972இல் அது அச்சானபோது தன் பெயரைப் போடவில்லை. குடும்பக் கதையை வெளியே சொல்லும் சங்கடம் அவரையும் விடவில்லை போலிருக்கிறது.

இந்தக் கட்டத்தில் வாதாட வேண்டாம், விளக்கமும் வேண்டாம். பழைய நகர்வுக்குத் திரும்பாமல் இருந்தால் போதும். பாதிக்குப் பாதி திரும்பிவிடுவீர்கள். நான் இப்போதும் திரும்புகிறேன். முன்பு நாட்கணக்கு, இப்போது மணிக்கணக்கு.

படி 8: சமாதானத்தைக் கூடத்துக்குக் கொண்டுவாருங்கள்

நம் வீடுகளில் சண்டை கூடத்தில் நடக்கும். சமாதானம் எங்கே, எப்போது நடந்தது என்று யாருக்கும் தெரியாது. திடீரென்று ஒரு காலையில் அப்பா தட்டில் இரண்டு தோசை அதிகமாக விழும், அவர் அதைச் சாப்பிடுவார், முடிந்தது. பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் சண்டையின் எல்லா அடவுகளையும் கற்றுக்கொண்டோம். அது எப்படி முடிகிறது என்பதை ஒருநாளும் பார்க்கவில்லை. என் தலைமுறைக்கு மன்னிப்புக் கேட்க வாய் வராததற்கு இதுவும் காரணம் என்று நினைக்கிறேன்.

மார்க் கம்மிங்ஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் பெரியவர்களின் சண்டையைப் பிள்ளைகள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று நீண்ட காலம் ஆராய்ந்தார்கள். சண்டை தீர்ந்ததைக் கண்ணால் பார்க்கும் பிள்ளைகளின் கலக்கம் வெகுவாகக் குறைந்தது. அறைக்குள் தீர்த்துக்கொண்டு வந்து, பிறகு பிள்ளையிடம் சொன்னாலும் பலன் இருந்தது. அதனால் நேற்று இரவு பிள்ளை காதில் ஏதாவது விழுந்திருந்தால், இன்று காலை அவள் எதிரிலேயே இரண்டு வரி பேசுங்கள். "நேத்து நான் சத்தம் போட்டது தப்பு. பணத்தைப் பத்தி இன்னும் முடிவாகல, ஞாயித்துக்கிழமை உக்காந்து பாக்கறோம்." எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல வேண்டாம். பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும்.

இந்த வழிகாட்டி பொருந்தாத இடம்

அடி விழுகிற வீட்டில் சார்ட் பேப்பரை எடுக்காதீர்கள். மிரட்டல், பணத்தைப் பிடுங்கிக்கொள்வது, வெளியே விடாமல் அடைப்பது, எல்லாம் இதில் சேர்த்தி. அவருடைய தாத்தாவும் அடித்தார் என்று தெரிந்துகொள்வதால் உங்கள் எலும்புக்குப் பாதுகாப்பு வராது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் உடல் வன்முறையோடு மனரீதியான, பொருளாதார ரீதியான கொடுமைகளையும் குடும்ப வன்முறையாகவே பார்க்கிறது. பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098. அடிதடி இல்லை, ஆனால் மனசு தாங்கவில்லை, தூக்கம் வரவில்லை என்றால் 14416 என்ற டெலி மனாஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

பழைய கதையைக் கிளறும்போது நீங்கள் எதிர்பாராத ஏதாவது வெளியே வந்து உங்களை உலுக்கினாலும் தனியாகச் சமாளிக்க வேண்டாம், நல்ல ஆலோசகர் ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். நான் முதலில் போன இடத்தில் அரை மணி நேரமும் எனக்கு அறிவுரைதான் கிடைத்தது. இரண்டாவது ஆளிடம்தான் பேச முடிந்தது. மாற்றிக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தோம். அப்பாவுக்கு இப்போது எழுபத்து நான்கு. அடுப்பு எந்தப் பக்கம் மூட்டுவது என்று காலையிலேயே அவருக்கும் அம்மாவுக்கும் ஏதோ ஆகிவிட்டது. அப்பா திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார். என் மகள் பக்கத்தில் கரும்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். "எனக்குக் காபி வேண்டாம்னு உங்க அப்பாயிகிட்ட சொல்லு" என்றார்.

அவள் கரும்பை வாயிலிருந்து எடுத்தாள். "தாத்தா, அப்பாயி இங்கதான் நிக்கறாங்க."

அம்மா டம்ளரோடு நிலைப்படியில் நின்றிருந்தார். அப்பா கொஞ்ச நேரம் தரையையே பார்த்தார். "சக்கரை கம்மியாப் போட்டிருக்கான்னு கேளு" என்றார், மறுபடியும் அவளிடமே. ஆனால் கையை டம்ளர் பக்கம் நீட்டியிருந்தார்.